முடியும் என்றே எழுது

“நடக்க முடியுதான்னு கேட்டிருக்கான் மச்சான்.”

“அல்ஹம்துலில்லாஹ், முடியும். அடுத்தது என்ன?”

“படி ஏற?”

“முடியும்.”

“குனிய, நிமிர, குத்தவச்சு உக்கார?”

“எல்லாம் முடியும்னு எழுது மாப்ள. அல்லா நமக்கு என்ன குறை வச்சான்?”

நாகூர் கனி பேனாவை மூடி வைத்தான். மூடாமல் என்ன செய்வான்? கால் போனதற்குப் பென்ஷன் கேட்டு எழுதுகிற விண்ணப்பத்தில் ஒரு மனுஷன் எல்லாம் முடியும், எல்லாம் முடியும் என்று சொல்லிக்கொண்டே போனால், அதைப் படிக்கிற அதிகாரி “ரொம்ப சந்தோஷம், நல்லா இருங்க” என்று எழுதி அனுப்புவானே தவிர ஒரு காலணா அனுப்ப மாட்டான்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்தான் அவனுடைய அக்கா ஜெயினம்புவின் புருஷன் சிக்கந்தர். இடது கால் அவனுக்கு முன்னால் உலக்கை கிடப்பதுபோல் நீட்டிக் கிடந்தது. முழங்கால் மடங்காது, பாதம் அசையாது, இடுப்பு கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க விடாது. பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்தவன். யுத்தம் நடந்தபோது அசாமிலிருந்து பர்மாவுக்குப் போகிற மலைப்பாதையில், கொட்டுகிற மழையில் ரோடே சரிந்து, வண்டியோடு பள்ளத்தில் போனான். வண்டியை இரும்புக்குப் போட்டார்கள். இவனை வங்காளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கவைத்துத் தைத்து, ஒட்டி, மதுரைக்கு ரயில் ஏற்றி அனுப்பினார்கள். காஜிமார் தெருச் சந்தில் வந்து இறங்கி, “ஜெயினம்பு, கொஞ்சம் டீத்தண்ணி போடு” என்றவன்தான். பள்ளத்தைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தற்காலிகமாக ஒரு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்ததும், அதை நிரந்தரமாக்கவேண்டுமானால் புதிதாக விண்ணப்பம் எழுதவேண்டும், பட்டாள டாக்டர் முன்னால் ஆஜராகவேண்டும் என்று கடுதாசி வந்தது. நாகூர் கனிக்கு விளக்குத்தூண் பக்கம் வளையல் கடை. ஆனால் சந்துக்காரர்களுக்கு இங்கிலீஷில் எது எழுதவேண்டுமானாலும் அவன்தான். ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பாவம்.

பென்ஷன் நின்றால் பட்டினி என்றால்கூட அவன் இம்புட்டுக் கவலைப்பட்டிருக்க மாட்டான். ஜெயினம்பு தொப்பி தைக்கிறாள், இவன் கடை இருக்கிறது, எப்படியோ ஓட்டலாம். ஆனால் சிக்கந்தர் மச்சினன் கையை எதிர்பார்த்து ஒரு வேளைச் சோறு தின்கிற ஆள் இல்லை. “பென்ஷன் வந்தா சரி. வரலேன்னா காசிமாயன் லாரியில ஏறிருவேன்” என்று சொல்லிவிட்டான். காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கம் எழுமலைக்காரன், பட்டாளத்தில் இவனோடு வண்டி ஓட்டியவன். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பழைய லாரி ஒன்றை வாங்கி, கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். “அண்ணே, நீங்க வந்து ஏறுனாப் போதும்” என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்பில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெயினம்புவுக்குத் தூக்கம் போயிற்று. மடங்காத காலை வைத்துக்கொண்டு உசிலம்பட்டி ரோட்டில் லாரி ஓட்டுவதாவது! மலையில் தப்பிய உயிரைச் சமவெளியில் கொண்டுபோய்க் கொடுக்கவா?

“மச்சான், நடக்க முடியும்னு சொல்றீங்க. சரி. இங்கேருந்து பள்ளிவாசலுக்கு எப்பிடிப் போறீங்க?” என்று நாகூர் கனி கேட்டான்.

“இதென்ன கேள்வி? நடந்துதான்.”

“ஆமா, நடந்துதான் போறாரு” என்று அடுப்படியிலிருந்து ஜெயினம்புவின் குரல் வந்தது. “நடுவுல மூணு எடத்துல சினிமா நோட்டீசு படிச்சுக்கிட்டு.”

நாகூர் கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கதை சந்துக்கே தெரியும். ஐந்து வேளையும் தொழுகிற சிக்கந்தருக்கு இந்த வயதில் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது, சுவரில் ஒரு நோட்டீசைக் கண்டால் நின்று தலைகீழாக மனப்பாடம் செய்துவிட்டுத்தான் நகருகிறான் என்று பள்ளிவாசலில் கேலி பேசுவார்கள். அவனும் மறுத்துச் சொன்னதில்லை.

“சினிமாவா?” என்றாள் ஜெயினம்பு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து. “தம்பி, நீயும் அதை நம்புறியா? கால் தாங்காம நிக்கிறாரு. சும்மா நின்னா நாலு பேரு வந்து ‘என்ன பாய், முடியலியா’ன்னு கேப்பாகள்ல? அதுக்குத்தான் நோட்டீசு. திரும்பி வந்து சட்டையக் கழத்துனா, பிழிஞ்சு காயப்போடலாம்.”

“ஏய், உனக்கு அடுப்புல வேலை இல்ல?” என்றான் சிக்கந்தர்.

“எனக்கு வாயிலயும் வேலை இருக்கு. எழுதிக்க தம்பி. மாடிக்கு எப்பிடிப் போறாரு தெரியுமா? படிக்கு முதுகைக் காட்டி உக்காந்து, கையை ஊனி, ஒவ்வொரு படியா பின்னாடியே ஏறுவாரு. அந்தக் காலு கூட இழுபட்டு வரும். தொழுகைக்கு முன்னால கை கால் கழுவி ஒளுச் செய்ய எடது பாதம் எட்டாது. நான் கழுவி விடுறேன்னா விடமாட்டாரு. கம்புல துணியச் சுத்தி அவரே கழுவிக்கிறாரு. குத்தவைக்க முடியாதுன்னு ஆசாரிகிட்டப் போயி...”

“ஜெயினம்பு!”

“...ஆசாரிகிட்டப் போயி ஓட்டை போட்ட முக்காலி செஞ்சுக்கிட்டு வந்தாரு. யாரு கேட்டாலும் பூத்தொட்டி வைக்கன்னு சொன்னாரு. சொல்லிட்டேன். இனிமே என்னைய அடிச்சாலும் சரி.”

அடிக்கிற ஆளா அவன்? சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். காது மட்டும் சிவந்திருந்தது.  வாரத்துக்கு இரண்டு தடவை வந்து உட்கார்ந்து பேசிச் சிரித்துவிட்டுப் போகிற வீடு. மச்சான் தேறிவிட்டார், மச்சானுக்கென்ன என்றுதான் நாகூர் கனியும் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஆள் தண்ணீர் மொண்டு காலைக் கழுவுவதற்கு இம்புட்டு யோசனை செய்து, அதை யாருக்கும் தெரியாமல் தினம் தினம் செய்து, வெளியே வந்து “எல்லாம் நல்லாயிருக்கு” என்று சிரிப்பதென்றால்! அடேயப்பா, நாகூர் கனிக்கு ஒரு பல்வலி வந்தால் சந்து முழுக்க எழுப்பிவிடுவான்.

“மச்சான், இதைத்தானே சர்க்காரு கேக்குறான்? இதை எழுதினா என்ன?”

“எழுதக்கூடாது.”

“ஏன்?”

“எத்தனை பேரு அந்த ரோட்டுலயே கெடக்குறாங்க தெரியுமா மாப்ள? எனக்குப் பக்கத்துல உக்காந்து பீடி பத்தவச்சுக் குடுத்தவன் மண்ணுக்குள்ள இருக்கான். என்னைய அல்லா பொஞ்சாதிகிட்ட கொண்டாந்து சேத்துட்டான். சேத்தவன்கிட்ட போயி, எனக்கு அது முடியல, இது முடியலன்னு பட்டியல் போடவா? நன்றி கெட்டதனம் இல்லியா அது?”

 கல்லுளிமங்கனோடு சண்டை போடலாம்; அல்லாவுக்கு நன்றி சொல்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? நாகூர் கனிக்குக் கோபம் ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம். 

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். சிக்கந்தர் கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். கொஞ்ச நேரத்தில் நனைந்த கையும் முகமுமாகத் திரும்பினான். இன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற தெம்பு இல்லை போலிருக்கிறது. வீட்டிலேயே பாயை விரித்தான். விரித்து, உட்கார்ந்தான். இடது காலைச் சரித்து ஓரமாக நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கைகளை உயர்த்திக் கட்டினான். மற்றவர்கள் இடுப்பை வளைத்துக் குனியும் இடத்தில் இவன் தலையைத் தாழ்த்தினான். நெற்றி தரையில் படவேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். தரைக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. நாகூர் கனி அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் அது அவன் மண்டையில் உறைத்தது.

தானும் தொழுது முடித்துவிட்டு, சிக்கந்தர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிறவரை காத்திருந்தான்.

“மச்சான், ஒண்ணு கேக்கலாமா? கோவப்படக்கூடாது. ஏன் உக்காந்து தொழுதீங்க?”

“இதென்னடா புதுசா? நிக்க முடியாதவன் உக்காந்து தொழலாம். உக்காரவும் முடியாதவன் படுத்துக்கிட்டுத் தொழலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“அப்ப அல்லாகிட்ட முடியலன்னு சொல்லிட்டீங்க.”

சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தான்.

“தினம் அஞ்சு வேளை சொல்றீங்க மச்சான். எம்புட்டு முடியுமோ அம்புட்டுத்தான்னு அவன் முன்னாடி உக்காந்துர்றீங்க. அது நன்றி கெட்டதனம் இல்ல. முடியுறது மாதிரி நடிச்சாத்தான் தப்பு. அவன்கிட்டயே உள்ளதைச் சொல்ற ஆளு, ஒரு டாக்டர்கிட்ட ஏன் பொய் சொல்லணும்?”

  சிக்கந்தர் தொழுகைப் பாயின் நுனியை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தான். கடைசியில் சிரித்தான்.

“வளையல் விக்கிற பய, வக்கீலா போயிருக்கலாம். சரி, எழுது. ஆனா முடியாதுங்கிற வார்த்தை அதுல வரக்கூடாது. எதை எப்பிடிச் செய்றேனோ அப்பிடியே எழுது. செய்யாம நான் எதையும் விட்டதில்ல.”

“அது போதும் மச்சான். அதுதான் வேணும்.”

“இன்னொண்ணு. லாரி ஓட்டுவேன்னு எழுதணும்.”

“யா அல்லா!” என்று அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டது.

“அதுவும் நெசந்தானே? எடது காலு மிதிக்கவேண்டிய கிளச்சை ஒரு கம்பு வச்சு அமுக்குவேன். ஒரு கை கம்புல, ஒரு கை கியர்ல. அந்த நேரத்துக்கு ஸ்டீரிங் வீலை நெஞ்சால அணைச்சுக்கிட்டாப் போச்சு. காசிமாயன் வண்டி நின்னுக்கிட்டு இருக்கையில, சீட்டுல ஏறி எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். உள்ளதை எழுதணும்னு நீதானே சொன்ன? அந்த வரி இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

உடும்புப்பிடி. நாகூர் கனி கெஞ்சினான், கொஞ்சினான், அக்காவை அழக்கூடச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. எழுதினான். பின்னாடியே படி ஏறுவதை எழுதினான், கம்பில் துணி சுற்றிய கதையை எழுதினான், முக்காலியையும் விடவில்லை. சினிமா நோட்டீசை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, அதையும் எழுதினான். ஊனத்தை எழுதத்தான் உட்கார்ந்தான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது மச்சானின் வீரதீரப் பிரதாபம்போல இருந்தது. கடைசி வரியில் லாரி நின்றது. அந்த ஒரு வரி மற்ற எல்லா வரியையும் கவிழ்த்துவிடும் என்று தெரிந்தேதான் உறையை ஒட்டினான்.

டாக்டர் முன்னால் ஆஜராகவேண்டிய தேதி வருவதற்குள் காசிமாயன் ஒரு நாள் காலையில் வந்து சிக்கந்தரைக் கூட்டிக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்த சிக்கந்தர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். “வண்டியை ஓட்டிப் பாத்திருக்காரு தம்பி. எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டா, நல்லா ஓடுச்சுங்கிறாரு” என்று ஜெயினம்பு கடைக்கே வந்து சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். நாகூர் கனிக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. இனி அந்த லாரி வரியை மச்சான் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

வைகைக்கு வடகரையில் ஒரு சர்க்கார் கட்டடத்தில் டாக்டர் வந்து இறங்கியிருந்தார். மேஜர் சுப்பராமன் என்று பெயர். ஜெயினம்பு வாசலில் குதிரைவண்டியிலேயே இருந்துகொண்டாள். நாகூர் கனியும் சிக்கந்தரும் உள்ளே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜர் அறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், சிக்கந்தர் விறைத்து எழுந்து சலாம் அடித்தான்! நாகூர் கனி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மடங்காத காலும் மடங்குகிற காலும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, நெஞ்சு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நெற்றியில் மட்டும் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. பட்டாளத்தில் பழகிய உடம்பு. ஆபீசரைக் கண்டதும் எழுந்துவிட்டது, அவனைக் கேட்டுக்கொண்டா எழுந்தது?

“உட்காருப்பா” என்றார் மேஜர். பெஞ்சியைப் பிடித்து, காலை நீட்டி, அவன் உட்கார்ந்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலை அமுக்கிப் பார்த்தார், பாதத்தைத் தட்டிப் பார்த்தார், இடுப்பைத் தொட்டபோது அவன் பல்லைக் கடித்ததையும் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தார். சினிமா நோட்டீஸ் வந்த இடத்தில் ஒரு நிமிஷம் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“கம்பால கிளச்சை அமுக்கி லாரி ஓட்டுவேன்னு எழுதியிருக்கே. நிஜமா?”

“நிஜம் சார்.”

“அப்போ நான் என்ன எழுதறது? உன் தொழில் டிரைவர். டிரைவரால வண்டி ஓட்ட முடியும்னா, உனக்குத் தொழில் போகலேன்னு ஆயிடும். பென்ஷன் கிடையாது. இது சட்டம், என் இஷ்டம் இல்லை.”

“சார், அது வந்து...” என்று நாகூர் கனி எழுந்தான்.

“நீங்க இருங்க. அவர் சொல்லட்டும்.”

நாகூர் கனி உட்கார்ந்தான். வாய்க்குள் என்னென்னவோ ஓதினான். ஒரு வார்த்தை. இந்த ஒரு தடவை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள் மச்சான், உங்களுக்காக இல்லாவிட்டாலும் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறவளுக்காக.  சிக்கந்தர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘முடியும் சார்’ என்றுதான் வரப்போகிறது என்று நாகூர் கனி கண்ணை மூடிக்கொண்டான்.

“போன வாரம் ஓட்டிப் பாத்தேன் சார்” என்று சிக்கந்தர் தொடங்கினான். “திருப்பரங்குன்றம் ரோட்டுல. காசிமாயன் பக்கத்துல உக்காந்திருந்தான். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. எம்புட்டு நாளாச்சு சார், சந்தோசத்துல பாட்டுக்கூடப் பாடுனேன். கம்மாக்கரைத் திருப்பத்துல கியர் மாத்துனேன். ஒரு கை கம்புல, ஒரு கை கியர்ல. வீலு நெஞ்சுல. அந்த நேரம் பாத்து ஒரு சின்னப் பொம்பளைப் பிள்ள, ரெண்டு ஆட்டை ஓட்டிக்கிட்டு கரையில இருந்து எறங்கிருச்சு.”

சிக்கந்தர் தன் வலது காலைத் தட்டிக் காட்டினான். 

“பிரேக்கு வலது காலு, அமுக்கிட்டேன். ஆனா வீலை ஒடிக்கணும்ல? கை ரெண்டும் வேற எடத்துல இருக்கு. நெஞ்சால ஒடிக்க முடியல. கையை எடுத்து வீலைப் பிடிக்கிறதுக்குள்ள வண்டி ஒரு ஆட்டு மேல ஏறிருச்சு. பிள்ள ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. ஒரு முழம்தான் சார். அது என்னையத் திட்டக்கூட இல்ல. ஆட்டைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

நாகூர் கனி கண்ணைத் திறந்தான். சிக்கந்தர் பெஞ்சியின் விளிம்பைப் பிடித்து மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்துகொண்டு சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

“வண்டி ஓடும் சார். என்னால ஓட்ட முடியாது. அந்த வரியை அடிச்சிருங்க.”

பள்ளத்தில் விழுந்து, தைத்து ஒட்டி வந்த நாளிலிருந்து தன்னைப் பற்றி ‘முடியாது’ என்று சிக்கந்தர் சொல்லி நாகூர் கனி கேட்டதில்லை. பென்ஷனுக்காக ஒரு தடவை சொல்லித் தொலையுங்கள் என்று எத்தனை கெஞ்சியிருப்பான்! பென்ஷனுக்காக வராத வார்த்தை, பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காக வந்தது.  இந்த மனுஷன் தன் அக்காவின் புருஷன் என்று அந்தக் கட்டடம் முழுக்க எல்லாரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது நாகூர் கனிக்கு.

மேஜர் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அடித்த இடத்தில் சிக்கந்தரையே கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு கீழே ஏதோ எழுதி, நிரந்தரம் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லி, முத்திரை வைத்தார். “போய் வாப்பா” என்றார்.

வெளியே வராந்தாவில் சிக்கந்தர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரோட்டில் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அதன் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரைவண்டியிலிருந்து ஜெயினம்பு கையைக் கையை ஆட்டி, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாகூர் கனி சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்லாக, “கெடச்சிருச்சுக்கா!” என்று கத்தினான்.

“மாப்ள” என்றான் சிக்கந்தர்.

“சொல்லுங்க மச்சான்.”

“நான் நல்ல டிரைவரு மாப்ள.”

“தெரியும் மச்சான். ஊருக்கே தெரியும்.”

“நல்ல டிரைவருங்கிறதுனாலதான் அப்பிடிச் சொன்னேன்.”

 நாகூர் கனி பக்கத்தில் வந்து, தூணைப் பிடித்திருந்த கைக்குத் தன் தோளைக் கொடுத்தான்.